பேஸ் அம்ப் பழுதானால்: கேட்கும் கூலி நியாயமானதா என்று அறிவது எப்படி?

திருகோணமலை உப்புவெளியில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவுக்கு பேஸ் கிட்டார் வாசிக்கும் தம்பி ஒருவர், தமது அம்ப்ளிபையரைத் திருத்துவதற்கு 9,800 ரூபா கேட்கிறார்கள், இது நியாயமா என்று அண்மையில் என்னிடம் கேட்டார். தொகையை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு கிலோ மீனுக்கு இன்ன விலை சொல்கிறார்கள், சரியா என்று யாராவது கேட்டால், பாரையா சூடையா, கடல் அமைதியாகக் கிடக்கும் காலமா வாடை வீசும் காலமா என்று நாம் திருப்பிக் கேட்போம். அதுபோலவே, பழுது எந்த இடத்தில், அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும், மாற்ற வேண்டிய சாமான் எங்கிருந்து வரவேண்டும், திருத்திய பின் அந்த அம்ப் என்ன பெறுமதி பெறும் என்ற நான்கும் தெரிந்த பிறகுதான் 9,800 என்ற எண்ணுக்கு ஒரு பொருள் வரும். மின்னணுவியல் படிக்காதவர்களும் இவற்றை விளங்கிக்கொள்ளலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அம்ப் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். கிட்டாரின் பிக்அப்பில் பிறக்கும் மிகச் சிறிய மின்சைகை, வயர் வழியாக வந்து அம்பின் உள்ளீட்டு ஜாக்கில் நுழைகிறது. அடுத்து முன்பெருக்கி, பேஸ், மிட், ட்ரெபிள் குமிழ்கள் இருக்கும் பகுதி அதுதான். அங்கிருந்து போகும் சைகையை, கனமான ஸ்பீக்கர் கோனை முன்னும் பின்னும் தள்ளும் வலிமைக்குப் பெருக்குவது பவர் பகுதி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை இவற்றுக்கு ஏற்ற அளவில் மாற்றிக் கொடுப்பது மின்வழங்கி. ஆக ஜாக்குகள், முன்பெருக்கி, பவர் பகுதி, மின்வழங்கி, ஸ்பீக்கர் என்று ஐந்து இடங்கள். பழுது இந்த ஐந்தில் எங்கே இருக்கிறது என்பதே கூலியின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது.

மற்ற அம்புகளைவிட பேஸ் அம்புக்கு உழைப்பு அதிகம். நான்கு தந்தி பேஸின் தடித்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 முறை, அதிர்கிறது. ஐந்து தந்தி பேஸில் அது 31 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலியை நமது காது எளிதில் உணர்வதில்லை. அதனால் கிட்டாருக்கு 30 வாட் போதுமான மண்டபத்தில் பேஸுக்கு 150 வாட்டும் போதாமல் போவதுண்டு. கூடுதல் வாட் என்றால் கூடுதல் சூடு. ஸ்பீக்கரும் அம்பும் ஒரே பெட்டியில் இருக்கும் காம்போ வகையில், ஒவ்வொரு சுரமும் அதே பெட்டிக்குள் சாமான்கள் பொருத்தியிருக்கும் மின்சுற்றுப் பலகையை உலுக்குகிறது. இவற்றோடு நமது ஊரின் உப்புக் காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒருபுறம் துறைமுகமும் மறுபுறம் திறந்த கடலுமாக இருக்கும் இந்த நகரில், செம்பும் பித்தளையும் எங்கிருந்தாலும் களிம்பு ஏறிவிடும். உவர்மலையில் கடலைப் பார்த்த சன்னலோரம் வைத்திருந்த ஒரு காம்போவின் பின்பலகையைக் கழற்றியபோது, ஸ்பீக்கர் முனைகள் இரண்டிலும் பச்சைக் களிம்பு பொடிபொடியாகப் பூத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்பில் எந்தச் சாமானும் எரிந்திருக்கவில்லை. முனைகளைச் சுரண்டித் துடைத்து, வயரைத் திரும்ப மாட்டியதும் வேலை முடிந்தது.

திருத்தக் கூலியில் நீங்கள் பெரும்பாலும் பணம் கொடுப்பது மாற்றுவதற்கு அல்ல, கண்டுபிடிப்பதற்கு. பலருக்கும் மனக்கசப்பு வருவதும் இந்த இடத்தில்தான். அதிர்வினால் காம்போக்களில் அதிகம் வரும் பழுது, ஜாக்கும் குமிழ்களும் பலகையோடு சேரும் ஈயப் பற்றில் விழும் விரிசல். உருப்பெருக்குக் கண்ணாடியை வைத்து, விளக்கைச் சரித்துப் பிடித்துப் பார்த்தால், ஜாக்கின் காலைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை போல ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டம்தான் முழுப் பழுதும். அம்ப் சில நேரம் பாடும், சில நேரம் பாடாது. திருத்துநரின் மேசையில் வைத்தால் ஒழுங்காகப் பாடும், மேடைக்குக் கொண்டுபோனால் நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் போகலாம். சரிசெய்யச் செலவாகும் ஈயத்துக்கு விலை சொல்லவும் முடியாது. "ஒரு சாமானும் மாற்றவில்லை, ஏன் இவ்வளவு?" என்று இந்த இடத்தில் கேட்பது முறையல்ல என்பது என் உறுதியான எண்ணம். அவர் உங்களுக்கு விற்றது அந்த மூன்று மணி நேரத்தை.

அந்த நேரத்தைக் குறைப்பது ஓரளவு உங்கள் கையில் இருக்கிறது. அம்பைத் தூக்கிக்கொண்டு போகுமுன் வேறு வயர், வேறு கிட்டார், வேறு மின்பிளக்கு ஆகிய மூன்றையும் மாற்றிப் பாருங்கள். "அம்ப் பழுது" என்று கொண்டுபோகப்பட்டு, கடைசியில் கிட்டார் வயரின் முனை உடைந்திருந்த சம்பவங்கள் எனக்கே சில தெரியும். பின்புறத்தில் செண்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக்குகள் இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். பல அம்புகளில் ரிட்டர்ன் ஜாக்கின் உள்ளே ஒரு சிறிய தகட்டுத் தொடுப்பு உண்டு. அதில் எதுவும் செருகப்படாதபோது முன்பெருக்கியிலிருந்து வரும் சைகை அந்தத் தொடுப்பு வழியாகவே பவர் பகுதிக்குப் போகிறது. ஆண்டுக்கணக்கில் எதுவும் செருகப்படாமல் கிடக்கும் அந்தத் தகட்டில் உப்புக் காற்றுப் பட்டுக் களிம்பு ஏறினால், சத்தம் மங்கும், விட்டுவிட்டு வரும், அல்லது முற்றாக நின்றுபோகும். ஒரு குட்டை வயரை எடுத்து செண்டிலிருந்து ரிட்டர்னுக்குத் தொடுத்துப் பாருங்கள். சத்தம் திரும்பி வந்தால் பழுது அந்தத் தொடுப்பில்தான். பவர் பகுதியும் ஸ்பீக்கரும் நலமாக இருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போகிறவரிடம் பவர் பகுதியைத் திருத்தியதாக யாரும் கணக்குச் சொல்ல முடியாது. தொடுப்பைத் துடைக்கும் திரவம் அடித்து ஜாக்கைச் சுத்தம் செய்வது சிறிய வேலை, கூலியும் சிறியதாகவே இருக்க வேண்டும்.

ஸ்பீக்கரையும் வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்து, ஸ்பீக்கரின் வயரைக் கழற்றிவிட்டு, மல்டிமீற்றரை ஓம் அளவில் வைத்து இரண்டு முனைகளிலும் பிடியுங்கள். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் ஏறத்தாழ 6 ஓமும், 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றுக்குச் சற்று மேலும் காட்டும். எழுதிய எண்ணைவிடக் குறைவாகக் காட்டுவது இயல்பே, பழுதல்ல. மீற்றர் எந்தத் தொடர்பும் காட்டாவிட்டால் உள்ளே கம்பிச்சுருள் எரிந்திருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். இரண்டு கைகளின் விரல்களாலும் கோனைச் சமமாக, மெதுவாக உள்ளே தள்ளும்போது சரசரவென்று உரசினால் சுருள் காந்தத்தில் தேய்கிறது. இந்த இரண்டு நிலையிலும் கோனும் சுருளும் மாற்ற வேண்டும், அல்லது புது ஸ்பீக்கர் போட வேண்டும். இரண்டுக்கும் விலை கேட்டுவிட்டே முடிவெடுங்கள். மலிவான ஸ்பீக்கர்களில் இரண்டு தொகைக்கும் அதிக வித்தியாசம் இருப்பதில்லை.

அம்பின் உட்பகுதியை மட்டும் தெரியாதவர்கள் திறக்கக் கூடாது. பள்ளிக்கூடப் புத்தகங்கள் கொள்ளளவி என்று சொல்லும் பெரிய கெப்பாசிற்றர்கள், பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்னேற்றத்தை வைத்திருக்கும். வால்வு வகை அம்பாக இருந்தால் அது உயிரைப் பறிக்கும் அளவு. அதே கெப்பாசிற்றர்கள் முதுமையடையும்போது, சத்தக் குமிழை முழுதாகக் குறைத்தாலும் நிற்காத ஒரு தடித்த இரைச்சல் கேட்கும். நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மின்வழங்கியில் அது இரட்டிப்பாவதால் அந்த இரைச்சல் 100 ஹெர்ட்ஸில் இருக்கும். சூட்டில் உழைக்க உழைக்க அவை உலர்ந்துபோகின்றன. சூடு 10 பாகை செல்சியஸ் கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. இந்த வேலையில் சாமானுக்கு ஒரு விலை உண்டு, ஆனால் தேடும் நேரம் குறைவு.

பவர் பகுதிப் பழுதில்தான் நல்ல திருத்துநருக்கும் அரைகுறைத் திருத்துநருக்கும் உள்ள வேறுபாடு கூலியில் தெரியும். இதை நான் பணம் இழந்து கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் என் அம்ப் திடீரென்று பியூஸ் எரிந்து நின்றது. நான் கொண்டுபோன இடத்தில் இரண்டு ட்ரான்சிஸ்டர்களை மாற்றி, எதிர்பார்த்ததைவிடக் குறைவான கூலி வாங்கினார்கள். மகிழ்ச்சியோடு எடுத்து வந்தேன். இரண்டாம் நாள் மாலை நிலாவெளியில் ஒரு திருமண மண்டபத்தில் வாசித்துக்கொண்டிருக்கும்போது கருகிய மணம் வந்தது, சத்தம் நின்றது. இந்த முறை ஸ்பீக்கரும் சேர்ந்து போயிற்று.

நடந்தது என்னவென்று பிறகுதான் விளங்கியது. ஸ்பீக்கரைத் தள்ளும் வெளியீட்டு ட்ரான்சிஸ்டர் ஒன்று உள்ளே ஒட்டிப்போனால் (ஷோர்ட் ஆனால்), அதை இயக்கும் டிரைவர் ட்ரான்சிஸ்டர்களும் பக்கத்திலுள்ள சிறிய மின்தடைகளும் சேர்ந்து அடிபடுவது வழக்கம். ஒட்டியதை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றைச் சோதிக்காமல் விட்டால், புதியதும் விரைவில் ஒட்டும். அப்போது மின்வழங்கியிலிருந்து வரும் நேர் மின்னோட்டம் (டி.சி.) ஸ்பீக்கருக்குள் நேராகப் பாய்ந்து சுருளை எரிக்கும். காப்பு ரிலே போன்ற, ஆபத்தில் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் ஏற்பாடு உள்ள அம்புகளில் அது தடுக்கப்படும். ஆகவே இந்தப் பழுதுக்கு "இரண்டு ட்ரான்சிஸ்டர் மாற்றினேன்" என்பது நிறைவான பதில் அல்ல. ஜோடியாக மாற்றினீர்களா, டிரைவரைப் பார்த்தீர்களா, ஸ்பீக்கர் முனையில் டி.சி. மின்னழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று கேளுங்கள். 50 மில்லி வோல்ட்டுக்குக் குறைவாக நின்றால் பொதுவாக நல்லது. கேள்வி புரிந்து உடனே பதில் சொல்பவர் கேட்கும் கூடுதல் தொகை வீண்போகாது.

இரண்டாம் முறை என் அம்பைத் திருத்தியவர் வேலை செய்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அம்புக்கு நேராக மின்சாரம் கொடுக்காமல், இடையில் 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்திருந்தார். முதலில் சுவிட்சைப் போட்டபோது பல்பு முழு ஒளியோடு எரிந்துகொண்டே நின்றது; உள்ளே இன்னும் எங்கோ ஒட்டியிருக்கிறது என்றார். ஒரு டிரைவரைக் கழற்றி மாற்றினார். மறுபடி போட்டபோது பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, மெல்ல மங்கி, இழை சிவந்த கோடாக மட்டும் தெரிந்தது. பெரிய கெப்பாசிற்றர்கள் நிரம்பும் கணத்தில் பல்பு எரிவதும், பிறகு மங்குவதும் நல்ல அறிகுறி. எல்.இ.டி. பல்பில் இந்தச் சோதனை சரிவராது. இழை பல்பு மேசையில் தொங்கும் கடையைக் கண்டால் எனக்கு நம்பிக்கை வருகிறது.

ட்ரான்சிஸ்டர் பற்றி இன்னும் ஒன்று. நமது பகுதியில் விற்கும் பல அம்புகளில் இருக்கும் சி5200, ஏ1943 என்ற ஜோடிக்குப் போலிகள் ஏராளம். வெளியே ஒரே எழுத்து, ஒரே உருவம்; உடைத்துப் பார்த்தால் உள்ளே சிலிக்கன் துண்டு அசலில் இருப்பதைவிட மிகச் சிறியது. குறைந்த சத்தத்தில் போலியும் பாடும், மண்டபத்தில் கூட்டிய உடனே போகும். ஆகவே ஒரே சாமானுக்கு இரண்டு கடைகளில் இரண்டு விலை சொல்லப்பட்டால், கூடியது கொள்ளை என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

திருகோணமலையில் அடிக்கடி காணும் தனிவகைப் பழுது ஒன்று உண்டு. கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிய அம்ப். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. பின்பக்கத் தகட்டைப் பார்க்காமல் செருகினால் பியூஸ் எரியும், சில வேளை மின்வழங்கியும் போகும். அதிர்ஷ்டம் இருந்தால் பியூஸும், மிகை மின்னழுத்தத்தைத் தடுக்க வைத்திருக்கும் சிறிய காப்புச் சாமானும் மட்டும் போயிருக்கும். அது மலிவான வேலை. ஆகவே "கனடா அம்ப், முழுப் பலகையும் போய்விட்டது" என்று ஒருவர் சோதிக்காமலே சொன்னால் ஏற்க வேண்டாம். சில அம்புகளில் மின்னழுத்தத்தை மாற்றும் சுவிட்ச் பின்புறத்தில் இருக்கும். சிலவற்றில் உள்ளேயிருக்கும் ட்ரான்ஸ்போமரின் வயர்களை மாற்றித் தொடுத்தால் 230 வோல்ட்டுக்கு ஏற்றதாகும். இரண்டும் இல்லையென்றால், தகட்டில் எழுதிய வாட்டைவிடக் கூடுதல் கொள்ளளவுள்ள இறக்கு ட்ரான்ஸ்போமர் வாங்க வேண்டும். அந்தச் செலவும் திருத்தக் கணக்கில் சேரும்.

ஒரு கையால் தூக்கக்கூடிய, டி வகுப்பு என்று சொல்லும் புதிய இலகு அம்புகளில் கணக்கு தலைகீழ். பவர் பகுதியும் மின்வழங்கியும் பெரும்பாலும் ஒரே தொகுதியாக வெளிநாட்டிலிருந்து வருகின்றன. பலரும் அதைத் திருத்துவதில்லை, முழுதாக மாற்றுகிறார்கள். இங்கே சாமான் விலைதான் பெரிது, வேலை நேரம் குறைவு. தொகுதியின் முழு விலையோடு, நாள் முழுக்க வேலை செய்ததாகக் கூலியும் போட்டிருந்தால் விளக்கம் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு.

இனி அந்தத் தம்பியின் 9,800 ரூபாவுக்கு வருவோம். நேரத்துக்கு என்ன விலை என்பதற்கு நான் கைக்கொள்ளும் அளவுகோல் எளியது. ஊரில் கைதேர்ந்த ஒரு மேசனின் நாட்கூலியை எட்டால் பிரித்து, வருவதை இரண்டால் பெருக்குகிறேன். இரட்டிப்பது ஏனென்றால், கடை வாடகையும் கருவிகளும் வேலை வராத நாட்களும் அந்தக் கூலிக்குள்ளேயே அடங்க வேண்டும். நாட்கூலி 5,000 ரூபா என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 1,250. அவருடைய அம்பில் பவர் பகுதி அடிபட்டிருந்தது. நான்கு மணி நேர வேலை என்றார்கள், அது 5,000. நான்கு ட்ரான்சிஸ்டர், சில மின்தடைகள், வெப்பப் பசை எல்லாம் சேர்த்து 4,200. ஊரில் அசல் கிடைக்காததால் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து எடுப்பித்து, 250 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் பார்சலாக வரவழைத்த செலவு 600. ஆக 9,800. ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் இருந்தது, ஒவ்வொன்றும் கேட்டதும் சொல்லப்பட்டது. இது அந்த ஒரு பற்றுச்சீட்டின் கணக்கு மட்டுமே. உங்கள் அம்புக்கு இதே எண்கள் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பிரித்துப் பார்க்கும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அம்பின் பெறுமதியோடு ஒப்பிட்டோம். நல்ல நிலையில் இருந்தால் பழைய சாமானாக 60,000 ரூபாவுக்கு விற்கும் என்று விசாரித்து அறிந்தோம். திருத்தச் செலவு அதில் ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு, தயங்காமல் திருத்தலாம். செலவு பாதியைத் தாண்டினால் நான் யோசிப்பேன். ஆனால் கனமான ட்ரான்ஸ்போமர் வைத்துக் கட்டிய பழைய அம்பாக, சாமான்கள் சாதாரணமாகக் கிடைப்பதாக இருந்தால் பாதியைத் தாண்டினாலும் திருத்தச் சொல்வேன். அது இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். ஒப்பிடும்போது பழைய விலைகளை மனதில் வைத்திருக்க வேண்டாம். 2022 மார்ச்சில் மத்திய வங்கி மாற்று வீதத்தை நெகிழவிட்ட பின், ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபா வரை ஏறியது. மின்னணுச் சாமான் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதால், 2021இல் கொடுத்த கூலியை வைத்து இன்றைய திருத்துநரைக் குறைசொல்வது நியாயமாகாது.

அம்பை ஒப்படைக்கும்போதே மூன்று செய்தியைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். பார்த்துச் சொல்வதற்கு மட்டும் எவ்வளவு, திருத்தினால் அது மொத்தத்தில் கழியுமா என்பது ஒன்று. எந்தத் தொகையைத் தாண்டினால் உங்களிடம் கேட்காமல் மேற்கொண்டு வேலை செய்யக் கூடாது என்பது இன்னொன்று. மாற்றிய பழைய சாமான்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது மூன்றாவது. பழுது இல்லை, ஆனால் பார்த்தோம் என்று சொல்லி ஒரு தொகை கேட்டாலும் கொடுக்கத்தான் வேண்டும். அவருடைய நேரம் போயிருக்கிறது. உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். மாற்றிய இடத்துக்கு மட்டும் உத்தரவாதம் தருவது வழக்கம், அது முறையானதே. திறந்து பார்க்காமல் ஒரே தொகையைச் சொல்பவரிடமும், எல்லாரையும்விடப் பாதிக் கூலி கேட்பவரிடமும் ஒரே அளவு கவனமாக இருங்கள். நிலாவெளியில் எரிந்த என் ஸ்பீக்கருக்கு நான் கொடுத்த விலை, முதலில் மிச்சப்படுத்தியதைப்போல மூன்று மடங்கு.

எடுக்கப் போகும்போது உங்கள் சொந்தக் கிட்டாரையும் வயரையும் கொண்டுபோங்கள். அம்ப் குளிர்ந்திருக்கும்போது தொடங்கி, நீங்கள் மேடையில் வைக்கும் சத்தத்தில், தடித்த தந்தியையே அதிகம் வாசித்து, அரை மணி நேரம் சோதியுங்கள். இடையில் பெட்டியின் மேற்புறத்தை உள்ளங்கையால் இரண்டு மூன்று முறை தட்டுங்கள், ஒவ்வொரு குமிழையும் முழுதாகத் திருப்புங்கள், ஜாக்கில் செருகிய வயரை மெல்ல அசையுங்கள். அந்தத் தம்பி அப்படிச் செய்தபோது, பவர் பகுதி குறையின்றிப் பாடியது, ஆனால் ட்ரெபிள் குமிழில் ஒரு கரகரப்பு இருந்தது. திருத்துநர் அதே இடத்தில் குமிழுக்குள் திரவம் அடித்து, பத்துப் பதினைந்து முறை திருப்பி, கரகரப்பை நீக்கினார். அதற்கு அவர் எதுவும் கேட்கவில்லை. தம்பி கடைசியாகப் பின்பக்கத் தகட்டில் கையை வைத்துப் பார்த்தார். சூடு கை வைத்திருக்கக்கூடிய அளவில் இருந்தது. 9,800 ரூபாவையும் எண்ணிக் கொடுத்தார்.